பூங்காவனத்துக்குத் திருஷ்டி சுற்றிய ஆராய்ச்சி

அந்தச் சனிக்கிழமை காலையில் வரதன் வீட்டில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: நெய்துகொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டுக் குழியிலிருந்து எழுந்த வரதன், ராட்டையில் தார், அதாவது குறுக்கிழை நூலைக் குச்சியில், சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி கன்னியம்மா, வலது கையை இறுக மூடிக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுப் பட்டம்மா, செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் நின்ற முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளை, சென்னையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த டாக்டரம்மா, தறிக்காலில் தலையை முட்டிக்கொண்டிருந்த அவர்கள் மகள் பூங்காவனம், வயது எட்டு, அப்புறம் நான். கணக்குப்பிள்ளை பாதியிலேயே போய்விட்டார் என்று பட்டம்மா பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். போகவில்லை. போயிருந்தால் எனக்கு அவ்வளவு வியர்த்திருக்காது.

இத்தனை பேரையும் பெயர் சொல்லிச் சாட்சிக்குக் கூப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒரு நாள் சிறப்புப் பிள்ளைகளுக்கான நம் மையத்துக்குப் போய் வருகிறேன். அங்கே இப்போது வேலை செய்யும் பெண்கள் ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டார்கள்: "அந்தக் காலத்துல பிள்ளைங்களுக்கு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்டா என்ன குடுப்பீங்க மேடம்?" பிள்ளை நல்லபடி ஒன்றைச் செய்தால் அதற்குப் பிடித்ததைக் கொடுக்கிறோமே, அதைத்தான் கேட்டார்கள். நான் வேறு ஏதோ கவலையில் இருந்தேன். "மிளகாய்" என்று சொல்லிவிட்டேன். டீ குடிப்பது நின்றுபோனது. டம்ளரைக் கழுவப் போன பெண் திரும்பி வரவே இல்லை. மறு வாரம் போனால் மையம் முழுக்க, அலமேலு மேடம் அந்தக் காலத்தில் பிள்ளைகள் கண்ணில் மிளகாய்த்தூள் போட்டவர் என்று பேச்சு. ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது நான் பிகு பண்ணாமல் ஒத்துக்கொண்டது அதனால்தான்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. எட்டாவதில் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று சொன்னார்கள். காய்ச்சல் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் வந்து போன பிறகும், மறுபடி வந்தால் என்ன செய்வது என்று காய்ச்சல் விடவில்லை. அப்படியே பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஒரு வேலைக்கும் லாயக்கில்லாமல் வீட்டில் உட்கார்ந்து, கிணற்றுக் கயிறு அறுந்துவிடுமோ, கூரை இறங்கிவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தவளைத்தான் டாக்டரம்மா வேலைக்கு எடுத்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. அவர் சென்னையில் ஒரு கல்லூரியில் மனோதத்துவம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். எங்கள் பக்கத்தில் ஐந்து பிள்ளைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்ய வந்திருந்தார். தினமும் வீடு வீடாகப் போய்ப் பார்த்துச் சொல்ல உள்ளூர்ப் பெண் ஒருத்தி வேண்டும்.

"இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

என் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து பதில் சொன்னாள். "எதையாவது நெனச்சி பயந்துக்கினே இருக்கும்மா. ஆனா கண்ண மட்டும் மூடாது."

"அது போதும்" என்றார் டாக்டரம்மா.

பயிற்சி என்று சென்னையில் இரண்டு வாரம் வைத்துக்கொண்டார். அதில் முதல் வாரம் டிராம் வண்டி ஓடுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தெருவைக் கடந்ததில் போய்விட்டது. டிராம் நின்று பல வருஷம் ஆகியிருந்ததாம். இரண்டாவது வாரம் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: ஒரு பிள்ளை ஒன்றைச் செய்கிறது என்றால் அதற்கு முன்னால் என்ன நடந்தது, அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். சொல்லும்போது சுலபமாக இருந்தது.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியாக, உயரமாக, எப்போதும் கைத்தறிப் பருத்திச் சேலையில் இருப்பார். காஞ்சிபுரத்துக்கு வந்தும் ஒரு பட்டு வாங்காத மனுஷி என்று எங்கள் தெருவில் அவர் மேல் ஒரு குறை உண்டு. ஒரு வீட்டுக்குள் போனதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொள்வார். திரும்ப அதைக் கட்டிக்கொள்ளும் வரை யாரிடமும் பேச மாட்டார். காபியை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அது ஆடை கட்டிய பிறகு ஒரே மூச்சில் குடிப்பார். டாக்டர் என்றதும் தெருவே இருமலோடும் சொறியோடும் வந்து நிற்கும். "நான் ஊசி போடற டாக்டர் இல்லம்மா" என்பார். "பரவால்ல, மாத்திரையே குடுங்க" என்று அதற்கும் நிற்பார்கள்.

என்னிடம் அவர் அதிகம் சொன்ன வார்த்தை, "பார்த்தியா, நெனச்சியா?" என்பது. "அந்தப் பையனுக்கு இன்னிக்கு ரொம்பக் கோவம்மா" என்பேன். "கோவத்தைப் பார்த்தியா, நெனச்சியா?" நெனச்சேன். "என்ன பார்த்தே?" தட்டைத் தூக்கி எறிஞ்சான். "அதைச் சொல்லு." நான் பார்த்ததையும் நினைத்ததையும் தனித்தனியாகப் பிரித்தபோது, பார்த்தது ஒரு டம்ளர் இருந்தால் நினைத்தது ஒரு அண்டா இருந்தது.

அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இந்தப் பிள்ளைகளைத் திருத்த அடிப்பதும் உண்டு, லேசாக மின்சாரம் கொடுப்பதும் உண்டு என்று அவர் சொல்லியிருக்கிறார். அவருக்கு மேலே இருந்த ஒரு பேராசிரியர், குறைந்தது கையில் ஒரு தட்டாவது தட்டிப் பார்க்கலாமே என்று எழுதியிருந்தார் போலிருக்கிறது. டாக்டரம்மா தன் கையை நீட்டி, "எவ்வளவு வேகம்னு பார்க்கணும், தட்டு" என்றார். நான் தட்டினேன். தட்டிவிட்டு, வேலை கொடுத்தவரை அடித்துவிட்டோமே என்று ஒரு மணி நேரம் அழுதேன். அவர் எதிரில் உட்கார்ந்து காபியை ஆறவைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது வேண்டாம். பிள்ளைக்கு என்ன ஆகும்னு தெரியாது, உதவியாளர் தாங்க மாட்டாங்கன்னு எழுதிடறேன்" என்றார். எழுதியும் விட்டார். ஆராய்ச்சிக்கு நான் செய்த முதல் உபகாரம் அதுதான்.

ஐந்து பிள்ளைகளில் ஒன்று முசரவாக்கத்தில், ஒன்று மாகறலில், மூன்று ஊருக்குள். பேர் தெரியாத நோய்க்கு டாக்டரம்மா ஆட்டிசம் என்று பேர் சொன்னார். வீட்டுக்காரர்கள் அதுவரை சொல்லிவந்த பேர்களை எழுத விரும்பவில்லை. நான்கு பிள்ளைகள் எப்படியோ மெல்ல மெல்லத் தேறின. நெற்றி எல்லாம் காய்த்துப்போய், என்னைத் தூங்கவிடாமல் அடித்தது பூங்காவனம்.

அவள் பேச மாட்டாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தறி ஓடும் வரை பட்டு இழைகளின் மினுக்கத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். வரதன் ஏதாவது காரியமாக எழுந்தால் போயிற்று. தறிக்காலில் டொக் டொக் என்று நெற்றியை முட்டிக்கொள்வாள். அதுவும் போதாவிட்டால் இரண்டு கையாலும் பாவைப் பிடித்து இழுத்துவிடுவாள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் இழைகள். தலைமுடியைவிடச் சன்னம். ஒரு தடவை இழுத்தால் நூற்றுக்கணக்கில் அறுந்துவிடும். ஒவ்வொன்றையும் தேடி முடி போட வேண்டும். நூலும் ஜரிகையும் முதலாளியுடையது.

"நான் கல்லு மனசுக்காரன் இல்லம்மா" என்று வரதன் முதல் நாளே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டார். "இன்னொரு வாட்டி பாவு அறுந்துச்சின்னா தறியக் கயிட்டிக்கினு போயிடுவேன்னு முதலாளி சொல்லி அனுப்பிட்டாரு. தறி போச்சின்னா மூணு பேரும் இன்னா துன்றது? தெக்க ஒரு கோயில்ல இந்த மாரி புள்ளைங்கள வெச்சிக்கிறாங்களாம். கால்ல சங்கிலி போடுவாங்களாம். போட்டாலும் சோறு போடுவாங்க. இந்தப் பாவு முடிஞ்சதும் கொண்டும்போய் உட்டுட்டு வந்துடுவேன்."

கன்னியம்மா ராட்டையை நிறுத்தவில்லை. கண்ணிலிருந்து வந்ததைத் துடைக்கவும் இல்லை.

"பாவு முடியற வரைக்கும் எனக்குக் குடுங்க" என்றார் டாக்டரம்மா.

ஒரு பாவில் மூன்று சேலை நெய்வார்கள். மூன்றாவது சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுப்பதற்குள் அந்தப் பிள்ளை முட்டிக்கொள்வதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் சங்கிலி. எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்குவது அன்றோடு நின்றது.

வழிமுறை இதுதான். தறிக்காலில் பஞ்சுத் தலையணையைச் சுற்றிக் கட்டிவிட வேண்டும், அடிபடாமல் இருக்க. பிள்ளை முட்டிக்கொண்டால் யாரும் அவளைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, தொடக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஓடிப்போய்க் கொஞ்ச வேண்டும், பொட்டுக்கடலை கொடுக்க வேண்டும். "அவ முட்டிக்கும்போதுதான் இந்த வீட்ல எல்லாரும் அவகிட்ட வர்றீங்க. மத்த நேரத்துல யாரும் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை. அவளுக்கு அது தெரிஞ்சிருக்கு" என்றார். ஒவ்வொரு முட்டுக்கும் நான் ஒரு புளியங்கொட்டையை மடியிலிருந்து எடுத்து டப்பாவில் போட வேண்டும். கடைசியாக ஓர் எச்சரிக்கையும் சொன்னார்: "முதல்ல அதிகமாகும். நல்லதாகறதுக்கு முன்னாடி மோசமாகும். பயப்படாதீங்க."

பயப்படாதே என்று என்னிடம் சொன்னவர்கள் அதற்கு முன்னும் பலர் உண்டு.

அவர் சொன்னபடியே மோசமானது. முதல் வாரம் டப்பா பாதி நிறைந்தது. சனிக்கிழமை வந்தவர் குலுக்கிப் பார்த்து, "எதிர்பார்த்ததுதான்" என்றார். இரண்டாம் வாரம் டப்பா நிறைந்தது. "இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்." மூன்றாம் வாரம் நான் பெரிய டப்பாவாக வாங்கினேன். அவர் காபியை ஆறவைத்தவர், குடிக்க மறந்து அப்படியே வைத்துவிட்டுப் போனார். அதற்குள், முன்பே பாதி நெய்திருந்ததையும் சேர்த்து, இரண்டு சேலை அறுத்தாகிவிட்டது. "மோசமாகும்னு சொன்னாங்க, கரெக்டா மோசமாகுது பாரு. பெரிய படிப்புதான்" என்று பட்டம்மா மெச்சிக்கொண்டாள்.

அப்படி வந்ததுதான் நான் சொல்ல ஆரம்பித்த அந்தச் சனிக்கிழமை. தறியைப் பார்த்துவரச் சொல்லி முதலாளி கணக்குப்பிள்ளையை அனுப்பியிருந்தார். வரதன் அவருக்கு வெற்றிலை எடுத்துக் கொடுக்கக் குழியிலிருந்து எழுந்தார். தலையணையில் தொம் என்றது.

டாக்டரம்மா கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுக் கூரையைப் பார்த்தார். கன்னியம்மா ராட்டையைப் பார்த்தாள். வரதன் வெற்றிலைக் காம்பைப் பார்த்தார். முறைப்படி எல்லாம் நடந்தது. பட்டம்மா என் பக்கம் சாய்ந்து காதோடு சொன்னாள்: "கணக்குப்புள்ள வந்தாரு, உடனே ஆரம்பிச்சிடுச்சி பாத்தியா. அந்தாளு கண்ணு கொள்ளிக்கண்ணுடி. டாக்டரம்மா போற வரைக்கும் தாங்காது. இப்பவே சுத்திடு."

மூடியிருந்த கையைத் திறந்து என் கையில் கொட்டினாள். கல்லுப்பு, காய்ந்த மிளகாய், ஒரு சிட்டிகை தெருமண்.

நான் எழுந்தேன். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல், வாய் திறக்காமல், அவள் மேல் கை படாமல், இடமாக மூன்று வலமாக மூன்று சுற்றினேன். திரும்பிப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய்க் குமுட்டி அடுப்பில் கனிந்துகொண்டிருந்த கரியில் போட்டேன். உப்பு படபடவென்று வெடித்தது. முட்டும் சத்தம் நின்றது. பூங்காவனம் என் பின்னாலேயே நுனிக்காலில் ஓடிவந்து, அடுப்புக்கு எதிரில் நின்று இரண்டு கையையும் உதறிக்கொண்டு சிரித்தாள். வழக்கம்போல்தான்.

திரும்பி வந்தேன். டாக்டரம்மா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டு, "அலமேலு, இது என்ன?" என்றார்.

"ஒண்ணும் இல்லம்மா. திருஷ்டி."

"எத்தனை நாளா?"

"தலைகாணி கட்டின நாள்லேருந்துதான்."

"எப்பல்லாம்?"

"முட்டிக்கினா சுத்துவோம். சில நாளு நெடியே ஏறாது. நெடி ஏறலன்னா கண்ணு பலமா பட்டிருக்குன்னு அர்த்தம். அன்னிக்கு மறுபடியும் சுத்துவோம். நீங்க இருக்கறப்ப மட்டும் சுத்த மாட்டோம். உங்க கண்ணுதான் பட்டுச்சின்னு நாங்க நெனக்கிறதா நீங்க நெனச்சிக்கக் கூடாதில்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"புள்ளைக்கு இன்னா பண்றீங்கன்னுதானம்மா கேட்டீங்க. இது புள்ளைக்கு இல்லையே. கண்ணு வெச்சவங்களுக்கு."

கணக்குப்பிள்ளை தன் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் நெடி ஏறியிருந்தது.

"பார்க்கக் கூடாதுன்னு சொன்னேன்" என்றார் டாக்டரம்மா.

"பார்க்கலம்மா."

"பேசக் கூடாது."

"பேசல. திருஷ்டி சுத்தறப்ப பேசவே கூடாது."

"தொடக் கூடாது."

"தொடலம்மா."

"ஆமாம்" என்றார். "நான் சொன்னதை ஒரு எழுத்து விடாம செஞ்சிருக்கே." பிறகு ஆடை கட்டிய காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார், வேலை போயிற்று என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார் என்பது டம்ளரைக் கீழே வைத்தபோதுதான் தெரிந்தது.

ஆனால் சிரிப்புக்கு ஆயுசு இல்லை. வரதன் முன்னால் வந்து நின்றார். "இன்னும் ஒரு சேலதாம்மா பாக்கி. இத்தினி நாளு நீங்க ஒண்ணு சொல்ல, இவங்க ஒண்ணு பண்ண, எம் பொண்ணு நெத்தி ஒடஞ்சதுதான் மிச்சம். உட்டுடுங்க."

"ஒரு சேலை எத்தனை நாள்?"

"பதினஞ்சி நாளு. பெரிய கொடி பார்டரு, இன்னும் ரெண்டு நாளு கூட ஆவும்."

"அது வரைக்கும் இருங்க. இப்பதான் அவளுக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கு. பொட்டுக்கடலை இல்லை. இந்தப் படபட."

அவர் சொன்ன மாற்றம் சின்னது. முட்டிக்கொண்டால் ஒன்றும் கிடையாது, திருஷ்டியும் கிடையாது. கையை மடியில் வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தால் உடனே சுற்றி அடுப்பில் போட வேண்டும். கன்னியம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. அடிபடும்போது சுற்றாமல் சும்மா இருக்கும்போது சுற்றினால் சாமி குற்றம் ஆகுமோ என்றாள். பட்டம்மாதான் அதட்டினாள்: "போடி இவளே. முட்டிக்கினு கெடக்கற கொயந்த மேல எவன் கண்ணு வெக்கப் போறான்? லட்சணமா குந்திக்கினு இருந்தாத்தான கண்ணுபடும். இதான் முற. நாமதான் இத்தினி நாளா தப்பா சுத்திக்கினு இருந்தோம்."

கணக்குப்பிள்ளை செருப்போடு நின்றபடியே, "முதலாளிகிட்ட நான் இன்னா சொல்றது?" என்று கேட்டார்.

"மூணாவது சேலை வரும்னு சொல்லுங்க" என்றார் வரதன்.

டாக்டரம்மா அன்று சாயங்கால பஸ்ஸுக்குப் போகவில்லை. கல்லூரிக்குத் தந்தி அடித்துவிட்டு மூன்று நாள் பட்டம்மா வீட்டில் தங்கினார். நல்ல வேளை. முதல் நாள் வரதன் எழுந்ததும் பிள்ளை முட்டிக்கொண்டு, எங்களைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் பலமாக முட்டினாள். தலையணையையும் மீறிச் சத்தம் கேட்டது. எனக்குள் ஓடியது இதுதான்: பிள்ளை மயங்கி விழுவாள், போலீஸ் வரும், என்னைத்தான் முதலில் பிடிப்பார்கள், கோர்ட்டுக்கு எந்தச் சேலை கட்டிக்கொண்டு போவது, இருக்கிற நல்ல சேலையில் ரவிக்கை கிழிந்திருக்கிறதே. கை தானாக உப்பு டப்பா பக்கம் போனது. டாக்டரம்மா பார்வையை ஓட்டிலிருந்து இறக்காமலே என் புடவைத் தலைப்பை முக்காலியின் கீழ் இழுத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"டாக்டரம்மா, செத்துடப் போவுதும்மா."

"பார்த்தியா, நெனச்சியா?"

"நெனச்சேன்."

"ஓரக்கண்ணால பாரு. என்ன தெரியுது?"

பார்த்தேன். முட்டுகிறாள். தலையணையில் படுகிறது. ரத்தம் இல்லை. மூச்சு வாங்குகிறது. முட்டுகிறாள். நிறுத்துகிறாள். தரையில் கிடந்த காலித் தார்க்குச்சி ஒன்றை எடுத்துப் பார்க்கிறாள். உட்காருகிறாள். மடியில் அதை வைத்துக்கொள்கிறாள்.

முக்காலி நகர்ந்தது. தலைப்பு விடுபட்டது. நான் உப்பை எடுத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் ராட்டையைத் தள்ளி, கன்னியம்மாவின் காலை மிதித்து, இடம் எது வலம் எது என்று தெரியாமல் ஒரே பக்கமாக ஆறு சுற்றினேன். அடுப்பில் படபட என்றதும் பூங்காவனம் வந்து கையை உதறிக்கொண்டு சிரித்தாள். கன்னியம்மா மிதிபட்ட காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். காலுக்காக அழுதாளா என்று நான் கேட்கவில்லை. அது நினைப்பில் சேரும்.

அன்றிலிருந்து புளியங்கொட்டை குறைந்தது. ஒரேயடியாக இல்லை. குறையும், ஒருநாள் குப்பென்று ஏறும், மறுபடி குறையும். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் முதலில் ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம், அப்புறம் ஒரு தார் சுற்றுகிற நேரம் என்று நீண்டது. பிள்ளை உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்ததில், எங்கள் தெருவில் மிளகாய் நெடி காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை அடித்தது. எதிர்வீட்டில் சீமந்தத்துக்கு வந்தவர்கள் இருமிக்கொண்டே பூ வைத்துவிட்டுப் போனார்கள். தபால்காரர் தெருமுனையில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தபால் கொடுக்க ஆரம்பித்தார்.

பாதிச் சேலை ஆனபோது கணக்குப்பிள்ளை மறுபடி வந்தார். தறியில் நெய்து சுருட்டியிருந்த பக்கத்தைக் குனிந்து மோந்து பார்த்தார். "இன்னா வரதா, கல்யாணச் சேலையில கொழம்பு வாசன வருது? பொண்ணு வீட்டுக்காரங்க மோந்து பாத்தா எங்க மொதலாளி மூஞ்சில வீசுவாங்க."

வரதன் முகம் செத்துவிட்டது. பிள்ளையால் தறி போகாமல் வைத்தியத்தால் தறி போகும் போலிருந்தது. நெடி சேலையில் ஏறும் என்ற யோசனை எனக்கு ஏற்கெனவே வந்திருந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். எனக்கு வந்திருந்தது, நெடியில் பட்டுப்புழு மறுபடி உயிர் பெற்றுவிடுமோ என்ற பயம்.

டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பினோம். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "எப்படியும் குறைக்கத்தான் போறோம். வாழ்நாள் பூரா யார் அடுப்பு மூட்டறது?" என்றார். முதலில் மிளகாயை நிறுத்தினோம், வெறும் உப்பு. அப்புறம் உப்பில் பாதி. அப்புறம் இரண்டு தரம் உட்கார்ந்தால் ஒரு தரம் அடுப்பு. கடைசியில் அடுப்பே இல்லை. மூடிய வெறுங்கையைச் சுற்றிவிட்டு, வாயால் படபட என்று சொல்ல வேண்டும். அந்த உத்தியோகம் என்னுடையது. ஆராய்ச்சி உதவியாளர் என்று சம்பளப் பட்டியலில் எழுதியிருக்கும். வேலை, உப்பு மாதிரி வெடிப்பது. பிள்ளை என் வாயையே கவனமாகப் பார்க்கும். அதற்கு முன் அது யார் முகத்தையும் பார்த்ததில்லை என்று டாக்டரம்மா சொன்னார். என் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அதுவரை வேறு யாரும் இல்லை என்பதால் எனக்கும் அது புதிது.

மூன்றாவது சேலை அறுக்கும் நாள் வந்தது. டாக்டரம்மாவால் வர முடியவில்லை. நான் போனபோது கூடத்து மூலையில் ஒரு துணிப்பை கட்டி வைத்திருந்தது. பிள்ளையின் பாவாடை ஒன்று அதில் வெளியே தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன், நினைக்கவில்லை. அதற்கே முழு பலமும் வேண்டியிருந்தது.

வரதன் சேலையை அறுத்துத் தறியிலிருந்து எடுத்து மடித்தார். குழியிலிருந்து ஏறினார். தறி வெறுமையாக நின்றது. பூங்காவனம் எழுந்தாள், தறிக்காலுக்குப் போனாள், தலையணையில் ஒரு முட்டு முட்டினாள். ஒன்று. எனக்கு உயிர் போயிற்று. பிறகு தரையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, என் வாயைப் பார்த்தாள்.

நான் வெடித்தேன். அவ்வளவு நல்ல படபட என் சர்வீஸிலேயே செய்ததில்லை.

வரதன் துணிப்பையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். சேலையை அக்குளில் வைத்துக்கொண்டு, "அடுத்த பாவு வாங்கியாரேன்" என்று கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். கன்னியம்மா பையைப் பிரித்துப் பாவாடையைக் கொடியில் போட்டாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் டாக்டரம்மா எங்கிருந்தாலும் வந்து கேட்பார். பூங்காவனம் கடைசி வரை பேசவில்லை. அப்புறமும் இரண்டு தரம் பாவை இழுத்திருக்கிறாள். வரதன் இரண்டு தரமும் உட்கார்ந்து முடி போட்டார். சங்கிலிப் பேச்சு எடுக்கவில்லை. பிற்பாடு அவள் அம்மாவோடு உட்கார்ந்து தார் சுற்றினாள். அம்மா சுற்றியதைவிட இறுக்கமாக, ஒரே சீராக இருக்கும் என்று சொன்னார்கள். நான் பார்த்தேன். இருந்தது.

இன்னும் ஒன்று உண்டு. ஆராய்ச்சி முடிந்த வருஷம், செலவுக் கணக்கைப் பார்க்க அரசாங்கத்திலிருந்து ஒரு ஆடிட்டர் வந்து உட்கார்ந்தார். பொட்டுக்கடலைக்கு ஒத்துக்கொண்டார். தலையணைக்கு ஒத்துக்கொண்டார். மிளகாய் வற்றலையும் கல்லுப்பையும் மட்டும் சிவப்பு மையில் சுழித்து, 'சமையல் செலவு, ஏற்கத்தக்கதல்ல' என்று எழுதி அனுப்பினார். டாக்டரம்மா நாலு பக்கம் விளக்கம் எழுதினார். திருஷ்டி என்றால் என்ன என்பதற்கே ஒரு பக்கம் ஆனது. 'மேற்படி பொருள் குழந்தைக்கு உண்ணக் கொடுக்கப்பட்டதா?' என்று பதில் வந்தது. இல்லை என்றார். 'அப்படியானால் எப்படிச் செலவானது?' எரித்தோம் என்றார். அரசாங்கப் பணத்தை எரித்ததாக எழுத்தில் வந்துவிட்டதே என்று அன்று நான் வரதன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஜெயிலில் படபடப்பு வந்தால் தண்ணீர் கொடுப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் நிற்கவில்லை.

பூங்காவனம் உள்ளேயிருந்து வந்தாள். கையை மூடிக்கொண்டு என் தலையை மூன்று தரம் சுற்றினாள். அப்புறம் எதிர்ப்பக்கமாக மூன்று. நேரே பின்கட்டுக்குப் போய், அணைந்து கிடந்த குமுட்டியின் மேல் விரலை விரித்தாள். கையில் ஒன்றுமில்லை. அடுப்பைப் பார்த்து நின்றாள். வெடிக்கவில்லை என்றதும் திரும்பி வந்து மறுபடியும் முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள். நான் அழுகையை நிறுத்தும் வரை விடவில்லை.

என்னை ஜெயிலில் போடவில்லை. பணத்தையும் தரவில்லை. கடனுக்குக் கொடுத்திருந்த கடைக்காரருக்கு நான் என் சம்பளத்திலிருந்து கட்டிவிட்டேன். மிளகாய் வற்றல், கல்லுப்பு வகையில் அந்த ஆராய்ச்சி நிதியிலிருந்து எனக்கு இன்றுவரை வரவேண்டியது, பதினெட்டு ரூபாய் நாற்பது காசு.